கரையிலிருந்து எறிகிறவர்

சாலையில் கார் வரும் சத்தம் கேட்டதும் ஹார்லன் மஸார் தூண்டில் கோலைத் தாழ்த்தி, நுனியில் இரைக்குப் பதிலாகத் தொங்கும் பொய்மீனை உள்ளங்கைக்குள் பொத்திக்கொள்கிறார். பால் பண்ணைக்கு விடியற்காலை வேலைக்குப் போகிற யாரோ. தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். ஆனாலும் சத்தம் முழுதாகத் தேயும்வரை கை திறப்பதில்லை. முள் உள்ளங்கையில் அழுந்திக்கொண்டே இருக்கிறது. "முள்ளு குத்துனா மருந்து போட்டுக்கலாம். எவனாச்சும் பாத்துட்டான்னா அதுக்கு என்ன மருந்து இருக்கு?" என்பார்.

அவர் நிற்பது க்ரீன் பே வளைகுடாவின் கிழக்குக் கரையில், மூடிப்போன கல் குவாரிக்குக் கீழே. குவாரிக்காரர்கள் வேண்டாமென்று உருட்டிவிட்ட சுண்ணாம்புப் பாறைகள் தண்ணீருக்குள் தாறுமாறாகக் கிடக்கின்றன. மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டைக்குள் நின்றபடி, முழங்கால் ஆழத்தைத் தாண்டாமல், அவர் மேற்குப் பார்த்து வீசுவார். முதுகுக்குப் பின்னால் சூரியன் ஏறத் தொடங்கியதும் உடம்பைக் குறுக்கிக்கொள்வார். தன் நிழல் தண்ணீரில் நீண்டு விழுவது அவருக்குப் பிடிக்காது. சொந்த நிழலே காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைக்கிற ஆள் அவர்.

அவர் தேடுவது பாஸ் மீன். அதிலும் வாய் சிறுத்த ஜாதி, செம்புநிற உடம்பு, சிவந்த கண். அறுபது வயதைத் தாண்டிய பிறகும் இந்த ஒரு மீனுக்காகத் தூக்கத்தைத் தொலைக்கக் காரணம், அதுவும் தன்னைப் போல ஒரு சந்தேகப் பிராணி என்று அவர் கண்டுபிடித்திருப்பதுதான். இந்தக் கரையில் தண்ணீர் அத்தனை தெளிவு. அடியில் கிடக்கிற கல்லை மனிதன் பார்க்க முடிந்தால், அங்கிருந்து மீனும் மனிதனைப் பார்க்கும். அதனால் நல்ல மீன்கள் கரைக்குப் பக்கத்தில் நிற்பதில்லை. பாறைகள் முடிந்து ஆழம் சட்டென்று இறங்குகிற விளிம்பில் நிற்கும். கரையில் நிற்பவனின் சாதாரண வீச்சு அங்கே எட்டாது. எட்ட வைப்பதற்குத்தான் ஹார்லன் பாதி ஆயுளைச் செலவழித்திருக்கிறார்.

அந்த ஊரில் படகில்லாத வீடு கிடையாது, அவர் வீட்டைத் தவிர. படகு வாங்கச் சொன்னவர்களிடமெல்லாம் ஒரே பதில். "படகுன்னா என்னா? 'நான் இங்கதான் இருக்கேன், எல்லாரும் வாங்க'ன்னு தண்ணி மேல போர்டு வெக்கறது."

பொய்மீன் வாங்க உள்ளூர்க் கடைக்குப் போகமாட்டார். பக்கத்து மாவட்டத்துக்கு வண்டியெடுப்பார். கடையில் ஒவ்வொன்றாக எடுத்து ஆள்காட்டி விரலின்மேல் குறுக்காக நிறுத்திப் பார்ப்பார். தலைப்பக்கம் சாய்ந்தால் வைத்துவிடுவார். வால்பக்கம் சாய்ந்தால் காதோரம் கொண்டுபோய் மெல்ல ஆட்டுவார். உள்ளே இருக்கிற குண்டு வாலுக்கு உருண்டுபோய் அங்கேயே உட்காருகிறதா என்று கேட்பார். பாரம் வாலில் இருந்தால் வீசும்போது வால் முன்னால் பாயும், காற்றைக் கிழித்துக்கொண்டு போகும். வாய் குழிந்த ரகத்தைத் தொடவே மாட்டார். அது தண்ணீரில் போடுகிற சத்தம் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எதிர்க்காற்றில் எறிந்தால் அந்தக் குழியில் காற்று நிறைந்து, உருண்டு புரண்டு பாதி வழியிலேயே விழுந்துவிடும். கடைசியில் அவர் எடுப்பது சுருட்டு வடிவத்தில், எலும்பு நிறத்தில், உதடோ இறக்கையோ இல்லாத மொழுக்கென்ற ஒன்று. அதோடு தனக்கு ஒருபோதும் தேவைப்படாத இரண்டு ரப்பர்த் தவளைகளையும் எடுத்துக்கொள்வார், கல்லாவில் இருக்கிறவர் குழம்ப வேண்டுமே.

"என்ன மீனுக்குங்க?" என்று கடைப்பெண் ஒருமுறை கேட்டுவிட்டாள்.

"பேரனுக்குப் பொம்மை" என்றார் ஹார்லன். அவருக்குப் பேரனே கிடையாது.

இப்படிச் சேர்ந்த தவளைகள் கார் ஷெட்டில் ஒரு வாளி நிறைய இருக்கின்றன. அவர் மனைவி லொரெய்ன் அவற்றின் முட்களைக் கழற்றிவிட்டு டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுகிறார்.

வாங்கிவந்த பொய்மீனையும் அப்படியே நம்பிவிடமாட்டார். கடையில் வரும் மும்முட்களைப் பிடுங்கிவிட்டு ஒற்றை முள்ளாக மாற்றுவார். காற்றில் போகும்போது நூலில் சிக்காது, மீனுக்கும் காயம் குறைவு. கோல் ஆளைவிட உயரமானது. ரீலில் தையல் நூல் மாதிரி மெல்லிய பின்னல் நூல், விளிம்புவரை நிறைத்துச் சுற்றியிருப்பார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே இருந்தாலும் நூல் உரசி வீச்சு குறைந்துவிடுமாம். நூலின் கடைசியில் ஒரு முழம் தங்கூசி, ஒற்றை இழை நைலான் நரம்பு. பின்னல் நூல் தொய்ந்துபோய் முள்ளைச் சுற்றிக்கொள்ளும், தங்கூசி விறைப்பாக நிற்கும் என்பது கணக்கு. மூக்கு இருபுறமும் தாராளமாக ஆட வேண்டும் என்பதற்காக, தங்கூசியில் இறுக்கி முடியாமல் சின்னக் கண்ணி விட்டு முடிவார். வீசும்போது கை பெரிதாக எதுவும் செய்யாது. பின்னால் கொண்டுபோவார், கோல் வளையும், விடுவார். பொய்மீன் போய்க்கொண்டே இருக்கும். அது விழுகிற சத்தம் கரைக்குக் கேட்காது.

பிடித்த மீனைத் தின்கிறாரா என்றால் அதுவும் இல்லை. கையை நனைத்துக்கொண்டு, சாலைக்கு முதுகைக் காட்டி, முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டுவிடுவார். ஒரு புகைப்படம்கூட எடுத்ததில்லை. படத்தில் பின்னால் பாறை தெரியும், பாறையை வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயம்.

வீடுகளுக்குக் கேஸ் நிரப்பும் லாரி ஓட்டுவது அவர் தொழில். குளிர்காலத்தில் மூச்சுவிட நேரமிருக்காது, கோடையில் வேலை குறைவு. அங்கேயும் இதே குணம்தான். டாங்கியின் முள் பாதி என்று காட்டினால் நம்பமாட்டார். முஷ்டியால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்து, சத்தம் மாறுகிற இடத்தில் நிறுத்தி, "முள்ளு பொய் சொல்லுது" என்பார். வானிலை அறிக்கையை நம்பமாட்டார். பால் பாட்டிலில் போட்டிருக்கிற தேதியை நம்பமாட்டார். "எங்க கல்யாணத்தன்னைக்கு கேக் வெட்டறதுக்கு முந்தி ஓரத்துல கிள்ளி மோந்து பாத்த மனுஷன் இவரு" என்று லொரெய்ன் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

ஊரும் அப்படியொன்றும் உண்மை விளம்பிகளின் ஊர் இல்லை. ஜினெட் அம்மாளின் மதுக்கடையில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல். ரை ரொட்டியும் கோஸ் பச்சடியும் வைத்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது யாரையாவது கேட்பார்கள்: "எதுல புடிச்ச?" கேட்கப்பட்டவர் சொல்வார்: "ரப்பர் புழு." கேட்டவர் கண்ணைத் தன் கிளாஸுக்குத் தாழ்த்தி இரண்டு முறை தலையை ஆட்டுவார். 'நீ சொன்னது பொய், நான் நம்பவில்லை, உன்மேல் வருத்தமும் இல்லை' என்று அந்தத் தலையாட்டலுக்கு அர்த்தம். அங்கே அதுதான் மரியாதை. திரும்பவும் அழுத்திக் கேட்பது, ஒருவன் சம்பளம் எவ்வளவு என்று கேட்பது மாதிரி அநாகரிகம்.

அங்கேதான் போன ஜூனில் டுவேன் ஜாடின் அநாகரிகமாக நடந்துகொண்டார்.

டுவேன், லொரெய்னின் தம்பி. களஞ்சியங்களுக்கு ஏணி போட்டுச் சிவப்பு வர்ணம் அடிக்கிறவர். நல்ல சத்தமான ஆள், ஒரு அறையில் அவர் இருந்தால் தேட வேண்டியதில்லை. பச்சைக்கோடு போட்ட படகு ஒன்று வைத்திருந்தார். அதை ஹார்லனின் பாறைகளுக்கு எதிரே ஓட்டிக்கொண்டு வந்து, "மாமா! கால் நனைஞ்சுடப் போவுது!" என்று கத்திவிட்டுப் போவார். மீனெல்லாம் ஓடிவிடும். ஹார்லன் அவரைத் திட்டாத நாள் இல்லை, அவர் வராத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட நாளும் இல்லை. குளிர்காலத்தில் ஏணியிலிருந்து விழுந்து டுவேனுக்கு வலது தோளில் அறுவை சிகிச்சை ஆனது. அதற்குப் பிறகு கொஞ்சம் சத்தம் குறைந்திருந்தார்.

அந்த வெள்ளிக்கிழமை கடைக்கு வெளியே, ஹார்லனின் பிக்கப் வண்டியில் சாய்ந்துகொண்டு காத்திருந்தார் டுவேன்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கரையிலேர்ந்து எறிஞ்சா நல்லா தூரம் போற மாதிரி எதைக் கட்டறது? நூலு, கோலு, எல்லாம் சொல்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, "நெசமா சொல்லுங்க மாமா" என்றார்.

ஹார்லனுக்குக் காது விறைத்துக்கொண்டது. நெசமா என்ற சொல்லை அந்த வாகன நிறுத்தத்தில் யாரும் அதற்கு முன்பு சொன்னதில்லை. படகு வைத்திருக்கிறவனுக்குக் கரையிலிருந்து தூரம் எதற்கு? படகுதான் மீன் இருக்கிற இடத்துக்கே போகுமே. ஆக, இவன் தனக்காகக் கேட்கவில்லை. வேறு யாருக்காக? அதற்கும் விடை கையில் இருந்தது. அந்த வாரம் கேஸ் லாரியில் போகும்போது டுவேனின் வீட்டு வாசலில் கோரியின் பிக்கப் நிற்பதைப் பார்த்திருந்தார். கோரி, நகரத்து ஆட்களைப் படகில் ஏற்றிக்கொண்டுபோய் மீன் காட்டுகிற வழிகாட்டி. இரண்டும் இரண்டும் நான்கென்று ஹார்லன் கூட்டிவிட்டார். நாளைக்கே தன் பாறைகள்மேல் நகரத்துக்காரர்கள் வரிசையாக நிற்பது அவருக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது.

"வாய் குழிஞ்சது ஒண்ணு வாங்கு மச்சான்" என்றார் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். "சின்னதா, மஞ்சள்ல. நூலு தடியா போடு. அங்க சிப்பி ஜாஸ்தி, மெலிசுன்னா அறுத்துரும்."

"தடி நூலா?"

"தடி நூலு. படகுல போடறியே, அதே போதும்."

வழக்கப்படி டுவேன் கண்ணைத் தாழ்த்தி இரண்டு முறை தலையாட்டியிருக்க வேண்டும். ஆட்டவில்லை. ஹார்லனின் முகத்தையே பார்த்து, சொன்னதை உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். "ரொம்ப தேங்க்ஸ் மாமா" என்று இடது கையை நீட்டினார். ஹார்லன் குலுக்கினார். வண்டியில் ஏறிய பிறகு, பலே ஆளுடா நீ, தலைகூட ஆட்டாமல் நம்பின மாதிரி நடிக்கிறாயே என்று மெச்சிக்கொண்டார். தன் வாழ்நாளில் எத்தனையோ பொய்களைக் கண்டுபிடித்த மனிதர், எதிரில் நின்ற ஒரு உண்மையை அன்று தவறவிட்டார்.

செய்தி லொரெய்ன் மூலமாக வந்தது. ஜூலையில் ஒரு சாயங்காலம் ஃபோனை வைத்துவிட்டு அவர் அடுப்படியிலேயே நின்றார்.

"டுவேனுக்குத் தோளு மறுபடியும் கிழிஞ்சுருச்சாம்."

"ஏணியிலயா?"

"தண்ணியில. தூண்டி எறியறப்ப." லொரெய்ன் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "கரையிலேர்ந்து எறிஞ்சிருக்கான். எறியறது போவலியாம், கிட்டக்கவே விழுந்துச்சாம். இன்னும் கொஞ்சம் உள்ள போயி, இன்னும் கொஞ்சம் வேகமா எறிஞ்சு… பைத்தியக்காரன். கை தோளுக்கு மேல போவக்கூடாது, பலம் குடுக்கக்கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தாரு. இனிமே எறியற வேலையே ஆவாதாம்."

"அவனுக்குத்தான் படகு இருக்கே! கரைக்கு எதுக்கு வந்தான்?"

லொரெய்ன் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "படகை வித்துட்டான்ல. அந்தக் கோரிதான் வாங்கிக்கிட்டான். ட்ரெய்லர்லேர்ந்து இறக்கவும் ஏத்தவும் ஒத்தக் கையால முடியுமா? உங்ககிட்ட சொல்லணும்னு சொன்னான், அப்புறம் வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்லல. கரையில நின்னாவது புடிக்கலாம்னு ஆசைப்பட்டான்." பிறகு, அடுப்பை அணைத்துக்கொண்டே, "உங்களைத்தான் கேட்டானாம். மாமா சொன்ன மாதிரியேதான் செஞ்சேன், எனக்குத்தான் கை வரலைன்னு அழறான்" என்றார்.

ஹார்லன் அன்று சாப்பிடவில்லை. கார் ஷெட்டுக்குப் போய் விளக்குப் போடாமல் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேற்குக் காற்றில் அந்தக் குழிவாய்ப் பொய்மீன் எப்படிப் புரண்டு விழும் என்று அவருக்குத் தெரியும். தடி நூல் சுருள் சுருளாக எழுந்து எப்படி வீச்சைத் தின்னும் என்றும் தெரியும். அதை அத்தனை முறை, அந்தத் தோளை வைத்துக்கொண்டு, ஒருவன் நம்பிக்கையோடு எறிந்திருக்கிறான். வெட்கமாக இருந்தது, உடம்பெல்லாம் கூசுகிற வெட்கம்.

ஆனால் குணம் எங்கே போகும்? இரண்டு நாளில் வெட்கத்துக்குள்ளேயே ஒரு சந்தேகம் முளைத்தது. 'எனக்குத்தான் கை வரலை' என்று டுவேன் ஏன் சொல்ல வேண்டும்? தெரிந்துகொண்டே குத்துகிறானோ? அக்காவிடம் சொன்னால் இங்கே வந்து சேரும் என்று கணக்குப் போட்டே சொன்னானோ? கேஸ் நிரப்பப் போன வீடுகளிலெல்லாம் இதையே அரைத்துக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் டாங்கியைத் தட்ட மறந்து, முள் காட்டியதை அப்படியே எழுதிக்கொண்டு வந்துவிட்டார்.

கடைசியில் போனார். லொரெய்ன் கொடுத்தனுப்பிய கோழிக் கஞ்சிப் பாத்திரத்தை மேஜையில் வைத்துவிட்டு, டுவேனின் எதிரில் உட்கார்ந்தார். டுவேனின் வலது கை மார்போடு சேர்த்துத் துணியில் கட்டியிருந்தது. காபிக் கோப்பை இடது கையில். வாசலில் படகு நின்ற இடத்தில் புல் மஞ்சளாகிக் கிடந்தது.

"மச்சான், கேளு" என்றார் ஹார்லன். சன்னலை ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "சுருட்டு மாதிரி இருக்கும். எலும்பு நெறம். பாரம் வால்ல இருக்கணும், வெரல் மேல வெச்சா வால்பக்கம் சாயணும். நூலு மெலிசு, பின்னலு. விளிம்பு வரைக்கும் சுத்தணும். நுனியில ஒரு மொழம் தங்கூசி. முடிச்சை இறுக்காம கண்ணி விட்டு முடியணும். எறியறப்ப நீ எறியாத, கோலை எறிய விடு. அவ்ளோதான்."

முப்பது வருஷம் மனைவியிடம்கூடச் சொல்லாதது. சொல்லி முடித்தபோது அவருக்கு லேசாக மூச்சு வாங்கியது.

டுவேன் கண்ணைக் காபிக் கோப்பைக்குத் தாழ்த்தினார். இரண்டு முறை தலையை ஆட்டினார்.

"டேய், இது நெசம்டா."

மறுபடியும் இரண்டு முறை.

"உங்கக்கா மேல சத்தியமா."

"சரி மாமா" என்றார் டுவேன். குரலில் கோபமே இல்லை, அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "ரப்பர் புழு. ஆவட்டும். கஞ்சி ஆறிடப் போவுது, நீங்களும் கொஞ்சம் ஊத்திக்குங்க."

ஹார்லனுக்கு அப்போதுதான் புரிந்தது. டுவேனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அக்காவிடம் சொன்னபோது தெரியாமல் இருந்திருக்கலாம். அதற்குப் பிறகு கட்டிலில் கிடந்து ஒவ்வொரு வீச்சாக யோசித்துப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. இனி இவர் வாயிலிருந்து வரும் எதற்கும் அந்த இரட்டைத் தலையாட்டல்தான். உண்மையைச் சொல்லி நம்பவைக்க அந்த ஊரில் ஒரு வார்த்தைகூடக் கிடையாது. கஞ்சியை ஊற்றிக் குடித்தார்கள். ருசி தெரியவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு விடியலில் டுவேனின் வீட்டு வாசலில் ஹார்லனின் பிக்கப் ஹாரன் அடித்தது.

"எங்க மாமா?"

"ஏறு."

"கையே தூக்க முடியாது, நான் வந்து என்ன பண்ண?"

"உன் வாயைத் தூக்காம இருந்தா போதும். ஏறு."

போகிற வழியெல்லாம் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினார் ஹார்லன். தேவையில்லாமல் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு போனார். ஒரு டிராக்டர் பின்னால் வந்தபோது ஓரங்கட்டி, அது தாண்டிப் போய் மறையும்வரை காத்திருந்தார். "அது பீட்டர்ஸ் வீட்டு டிராக்டர் மாமா, வைக்கோலு ஏத்தப் போவுது" என்றார் டுவேன். "போற மாதிரிதான் எல்லாரும் போவாங்க" என்றார் ஹார்லன்.

குவாரிக்குக் கீழே, தண்ணீர் ஓரத்தில் மேசைபோல இருந்த பாறையில் டுவேனை உட்கார வைத்தார். மேற்கிலிருந்து காற்று குளிராக அடித்தது. ரீலின் கைப்பிடியை ஏற்கனவே கழற்றி வலப்பக்கத்துக்கு மாற்றி வைத்திருந்தார். இடது கையில் கோலைப் பிடித்துக்கொண்டால், கட்டுப்போட்ட வலது கையின் முழங்கை விலாவை விட்டு நகராமலே விரல்களால் சுற்றலாம். பொய்மீனை எடுத்து டுவேனின் மடியில் போட்டார். டுவேன் அதை இடது ஆள்காட்டி விரலின்மேல் நிறுத்திப் பார்த்தார். வால்பக்கம் சாய்ந்தது.

"இவ்ளோதானா?" என்றார் டுவேன். "இதுக்கா மாமா இத்தனை வருஷம்?"

"வாயை மூடு" என்றார் ஹார்லன்.

வாங்கி வீசினார். பொய்மீன் காற்றுக்குள் புகுந்து போய்க்கொண்டே இருந்தது. டுவேன் வாயைத் திறந்தபடி பார்த்தார். அது எங்கேயோ, பாறைகள் முடிந்து தண்ணீர் கறுக்கிற இடத்தில் விழுந்தது. ஹார்லன் கோலை டுவேனின் இடது கையில் திணித்து, அடிக்கட்டையை அவர் இடுப்பில் செருகினார். அந்தக் கோலை அதுவரை வேறு ஒரு கை தொட்டதில்லை.

"நுனியைத் தாழ்த்து. மணிக்கட்டு மட்டும். வெடுக்குனு இழு, உடனே தொய்ய விடு. இழு, தொய்ய விடு. அது இப்படியும் அப்படியும் நடக்கணும்."

முதலில் நடக்கவில்லை, குடித்தவன் மாதிரி ஒரே பக்கம் இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாவது வீச்சிலும் அப்படியே. ஹார்லன் மறுபடி வீசிக்கொடுத்தார், மறுபடியும் வீசிக்கொடுத்தார். பிறகு எப்போதோ இடது மணிக்கட்டுக்குப் பிடிபட்டது. அந்த எலும்புநிறத் துண்டு தண்ணீர்மேல் இடமும் வலமுமாகத் தலையை ஆட்டிக்கொண்டு, அடிபட்ட குஞ்சு மீன் மாதிரி நடந்து வரத் தொடங்கியது. திடீரென்று அதற்கடியில் தண்ணீர் வெடித்தது. டுவேன் துள்ளினார்.

"இழுக்காத! தப்பிடுச்சு, நில்லு. அசையாத. அது திரும்பிப் பாக்கும்… பாரம் கையில தெரியற வரைக்கும் ஒண்ணும் பண்ணாத…"

பொய்மீன் அப்படியே மிதந்தது. வட்ட வட்டமாக அலை விரிந்து அடங்கியது. டுவேன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டு லேசாக ஒருமுறை அசைந்தது, அவ்வளவுதான், பொய்மீன் இருந்த இடத்தில் இல்லை. கோல் வளைந்தது. ரீல் கிறீச்சிட்டது. வெகுதூரத்தில் செம்புநிறமாக ஒரு மீன் தண்ணீரைவிட்டு முழுதாக எழும்பித் தலையை உதறியது.

"மாமா! மாமா, மாமா!" டுவேனின் பழைய சத்தம் குவாரிச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

அந்தச் சத்தத்துக்கு மேலாகச் சாலையில் இன்னொரு சத்தம் ஹார்லனுக்குக் கேட்டது. திரும்பினார். மேலே சாலையில் கோரியின் பிக்கப் வேகம் குறைந்து ஊர்ந்துகொண்டிருந்தது. சன்னல் கண்ணாடி இறங்கியிருந்தது. பின்னால் ட்ரெய்லரில் டுவேனின் படகு, அதே பச்சைக்கோடு, புதிதாக மெழுகு போட்டதில் வெயில் பட்டு மின்னியது.

"யாரு மாமா அது?" டுவேன் கழுத்தைத் திருப்பப் பார்த்தார். "நின்னுட்டானா?"

"யாருமில்ல. வைக்கோல் டிராக்டரு. நீ மீனைப் பாரு."

சொல்லிக்கொண்டே ஹார்லன் மழைக்கோட்டைக் கழற்றி, இரண்டு கைகளாலும் அகல விரித்துத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, சாலைக்கும் மச்சானுக்கும் நடுவில் வந்து நின்றார்.